பதினேழு முறை திரும்பியவர்

எம்பெருமானார் ஸ்ரீ ராமாநுஜர் திருவரங்கத்திலிருந்து திருக்கோட்டியூருக்குப் பதினெட்டு முறை நடந்து சென்று ரஹஸ்யார்த்தங்களைப் பெற்ற வரலாற்றை அறியாத ஸ்ரீவைஷ்ணவர் இலர். ஆண்டுதோறும் சித்திரைத் திருவாதிரை உத்ஸவத்தில் உபந்யாஸகர்கள் இதனைச் சொல்லக் கேட்கிறோம். "பதினெட்டு முறை நடந்தார்" என்னும் சொல் ஒரே மூச்சில் சொல்லப்பட்டு விடுகிறது. கேட்போர் உள்ளமும் உடனே கோபுரத்தின் மேல் ஏறி, அங்கு நின்று அவர் வாரி வழங்கிய காட்சியில் ஈடுபட்டு விடுகிறது. ஆயினும் பேறு கிடைத்தது பதினெட்டாம் முறையில். அதற்கு முன் பதினேழு முறை அம்மஹான் வந்த வழியே வெறுங்கையராய்த் திரும்பினார் என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஏறிச் சென்ற நடையைப் போலவே திரும்பி வந்த நடையும் ஓர் உபதேசமே. அதனைச் சற்று விரித்து நோக்குவோம்.

முன்னமே பழகிய ஏமாற்றம்

கி.பி. 1017-இல் ஸ்ரீபெரும்பூதூரில் அவதரித்த எம்பெருமானாருக்குத் தடையும் மறுப்பும் திருக்கோட்டியூரில் புதிதாக நேர்ந்தவை அல்ல. இளமையில் அவர் வேதாந்தம் பயின்றது யாதவப்பிரகாசரிடத்தில். ச்ருதி வாக்கியங்களுக்கு ஆசிரியர் உரைத்த பொருள் எம்பெருமானின் கல்யாண குணங்களுக்குப் பொருந்தாதபோது, மாணவர் வேறு பொருள் உரைத்தார். அதனால் ஆசிரியரின் உள்ளம் கசந்தது. காசி யாத்திரையை முன்னிட்டு அவருடைய உயிருக்கே தீங்கு எண்ணப்பட்டது என்று குருபரம்பரை நூல்கள் கூறுகின்றன. பேரருளாளன் அருளால் விந்தியக் காட்டினின்றும் காஞ்சிக்கு மீண்டவர், பின்னும் அந்த ஆசிரியரிடமே பாடம் கேட்டார். முடிவில் அங்கிருந்து விலக்கப்பட்டார். விலக்கப்பட்டவர் மனம் சோர்ந்து அமரவில்லை. திருக்கச்சி நம்பியின் சொற்படி, சாலைக் கிணற்றிலிருந்து பேரருளாளனுக்குத் தீர்த்தம் சுமக்கும் கைங்கரியத்தை மேற்கொண்டார். சாஸ்திரம் பயின்ற தோள் குடம் சுமக்கத் தயங்கவில்லை.

அடுத்து நேர்ந்தது அதனினும் பெரிய இழப்பு. ஆளவந்தார் தமக்குப் பின் தரிசனத்தை நிர்வஹிக்கத் தக்கவர் இவரே என்று திருவுள்ளம் பற்றி, அழைத்து வருமாறு பெரிய நம்பியை அனுப்பினார். பெரிய நம்பியுடன் விரைந்து சென்ற ராமாநுஜர் காவேரிக் கரையை அடைந்தபோது, ஆளவந்தார் பரமபதித்து விட்டார். சரம திருமேனியைச் சேவிக்கும் பேறு ஒன்றே எஞ்சியது. மடங்கியிருந்த மூன்று விரல்களைக் கண்டு, அவருடைய மூன்று மனோரதங்களையும் நிறைவேற்றுவதாக அங்கேயே ப்ரதிஜ்ஞை செய்தார். ஒரு நாள் முன்னே வந்திருந்தால் கிடைத்திருக்கக் கூடிய ஆசார்யனை இழந்த துயரம், வாழ்நாள் முழுதும் செய்ய வேண்டிய பணியாக மாறியது. இழந்ததை எண்ணி அழுவதோடு நில்லாமல், இழந்தவரின் குறையைத் தாம் தீர்க்க முற்பட்டதே அவருடைய தனிச் சிறப்பு.

திருக்கோட்டியூர் வழி

பின்னர் மதுராந்தகத்தில் பெரிய நம்பியிடம் பஞ்ச ஸம்ஸ்காரம் பெற்று, ஸந்யாஸாச்ரமம் மேற்கொண்டு, திருவரங்கம் வந்து சேர்ந்தார். நம்பெருமாள் "உடையவர்" என்னும் திருநாமம் தந்து, கோயில் நிர்வாஹம் முழுவதையும் ஒப்படைத்தான். அத்தகைய நிலையில் இருந்தவரைத்தான் பெரிய நம்பி, "ரஹஸ்யார்த்தங்களைத் திருக்கோட்டியூர் நம்பியிடம் கேட்டறிக" என்று நியமித்தார். ஆளவந்தாரின் திருவடிகளை ஆச்ரயித்த அந்நம்பிகள், மந்த்ரார்த்தங்களைப் பெருநிதியாகக் காத்து வந்தவர்.

திருக்கோட்டியூர் இன்று சிவகங்கை மாவட்டத்தில், திருப்பத்தூருக்கு அருகில் உள்ளது. ஸௌம்யநாராயணப் பெருமாள் அஷ்டாங்க விமானத்தின் கீழ் எழுந்தருளியிருக்கும் திவ்ய தேசம் அது. திருவரங்கத்திலிருந்து அவ்வூர் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவு. காவேரியைக் கடந்தவுடன் சோலையும் வயலும் பின்தங்க, புதுக்கோட்டைப் பக்கத்து வறண்ட நிலமும் பாறைக் குன்றுகளும் எதிர்ப்படும். நாளொன்றுக்கு 25 கிலோமீட்டர் நடந்தாலும் செல்வதற்கு 4 நாள், மீள்வதற்கு 4 நாள். பதினெட்டு முறை சென்று மீண்ட தொலைவைக் கூட்டினால் 3,600 கிலோமீட்டர் ஆகும். இக்காலத்தில் பேருந்தில் சில மணி நேரத்தில் சென்று சேவித்துத் திரும்புவோர் இக்கணக்கை ஒருமுறை மனத்தில் போட்டுப் பார்ப்பது நன்று.

தொலைவைவிட வேறொன்று கடினமானது. சென்றவர் சாமானியர் அல்லர். பெரிய கோயிலின் பொறுப்பை வஹித்த யதிராஜர். அவர் புறப்பட்டுச் செல்வதையும், ஒன்றும் பெறாமல் திரும்பி வருவதையும் ஊர் முழுவதும் கண்டிருக்கும். ஏழை ஒருவனை வாயிலில் நிறுத்தினால் அவனுக்கு வயிறு நோகும். பெருமை உடையவனை நிறுத்தினால் பெருமை நோகும். பின்னதைத் தாங்குவோர் மிகச் சிலரே.

மறுப்பும் பரீக்ஷையும்

திருக்கோட்டியூர் நம்பி வெறுப்பினால் மறுத்தவர் அல்லர். உயர்ந்த பொருளைத் தகுதி அறிந்தே கொடுத்தல் வேண்டும் என்பது பண்டை ஆசார்யர்களின் நியமம். கேட்பவனுக்கு உண்மையான ஆர்த்தி உண்டா, பொழுதுபோக்காகக் கேட்கிறானா, பெற்றபின் பேணுவானா என்பவற்றை அறியக் காலம் ஒன்றே கருவி. எனவே, "பிறகு வாரும்" என்று திருப்பி அனுப்பினார். "இனி வாராதீர்" என்று ஒருபோதும் சொன்னாரில்லை. இவ்விரண்டு சொற்களுக்கும் உள்ள வேறுபாட்டை உணர்ந்தவர் எம்பெருமானார். மறுக்கப்பட்டவர் பலர், முதற் சொல்லைச் செவியில் வாங்கி, மனத்தில் இரண்டாவது சொல்லாகப் பதித்துக்கொண்டு, முயற்சியைக் கைவிட்டு விடுகின்றனர்.

இதனைக் குறித்து வழிவழியாகச் சொல்லப்பட்டு வரும் செய்தி ஒன்று உண்டு. வாயிலில் நிற்பவர் யார் என்று உள்ளிருந்து நம்பி வினவ, "நான் வந்திருக்கிறேன்" என்று ராமாநுஜர் விடை கூறினாராம். "நான் என்பது போன பிறகு வாரும்" என்று நம்பி சொல்லி அனுப்பினாராம். முடிவில் "அடியேன் வந்திருக்கிறேன்" என்றபோது கதவு திறந்தது என்பர். இயல்பிலேயே அஹங்காரம் அற்ற எம்பெருமானாருக்கு இப்பாடம் தேவைப்பட்டதா எனின், அவரை முன்னிட்டு நமக்குக் கற்பிக்கப்பட்ட பாடம் என்றே கொள்ளல் தகும்.

அந்தப் பதினேழு இடைவெளிகளில் அவருடைய பணிகள் நின்றுவிடவில்லை என்பதும் கருதத் தக்கது. கோயிலில் திருவாராதனம் குறைவற நடந்தது; மடத்தில் சிஷ்யர்களுக்கு ஸத்விஷயம் நடந்தது. கிடைக்காத ஒன்றன்மேல் உள்ள ஏக்கத்தால், கையில் உள்ள கைங்கரியத்தை அவர் நழுவ விட்டாரில்லை. முயற்சி தளராமல் இருப்பதற்கு இதுவே மூலம். வாயிலில் காத்திருப்பதையே முழுநேர வேலையாகக் கொண்டவன் விரைவில் சலித்துப் போவான். கடமையைச் செய்துகொண்டே காத்திருப்பவனுக்குப் பதினேழும் பெரிய எண் அன்று.

பதினெட்டாம் முறை

திரும்பத் திரும்ப மீள நேர்ந்த ராமாநுஜரின் ஆற்றாமை நம்பியின் சிஷ்யர் ஒருவர் மூலமாக அவர் திருச்செவியை எட்டிற்று. தண்டும் பவித்ரமுமாகத் தனியே வருமாறு நம்பி செய்தி அனுப்பினார். எம்பெருமானாரோ முதலியாண்டானையும் கூரத்தாழ்வானையும் உடன் அழைத்துச் சென்றார். "தனியே வருமாறு அன்றோ சொன்னோம்?" என்று நம்பி வினவ, "தண்டும் பவித்ரமுமாக வரும்படி நியமனம் ஆயிற்று, ஆண்டான் அடியேனுடைய தண்டு, ஆழ்வான் அடியேனுடைய பவித்ரம்" என்று விண்ணப்பித்தார். பதினேழு முறை மறுக்கப்பட்டவர், பதினெட்டாம் முறை கதவு திறக்கும்போது தாம் மட்டும் உள்ளே நுழைந்து கொள்ள விரும்பவில்லை. பின்னால் நிகழப் போவதற்கு இது முன்னறிவிப்பாக அமைந்தது.

நம்பி மந்த்ரார்த்தத்தை உபதேசித்து, தகுதி ஆராயாமல் எவருக்கும் வெளியிடலாகாது என்று ஆணையும் இட்டார். மறுநாளே எம்பெருமானார் அத்திருக்கோயிலில் ஆசையுடையோர் அனைவரையும் கூட்டி அப்பொருளை வெளியிட்டு அருளினார். இன்றும் அவர் திருமேனி விமானத்தின் மேல்நிலையில் நின்று அச்செய்தியை நினைவூட்டுகிறது. நம்பி வெகுண்டு, ஆசார்யன் ஆணையை மீறியவருக்கு என்ன கதி என்று கேட்டார். நரகமே கதி என்று ராமாநுஜர் ஒப்புக்கொண்டார். தேவரீருடைய திருவடி ஸம்பந்தத்தால் இத்தனை பேர் உய்வராயின், அடியேன் ஒருவன் நரகம் புகுவதில் இழப்பு இல்லை என்பது அவர் விடையின் கருத்து. அதனைக் கேட்ட நம்பி, இத்தனை கருணை நமக்குத் தோன்றவில்லையே என்று நெகிழ்ந்து, அவரைத் தழுவிக்கொண்டு, "எம்பெருமானாரே" என்று அழைத்தார். வாயிலில் நிறுத்தியவரே அந்தப் பெரும் பெயரையும் சூட்டினார்.

தாம் பட்டது பிறர்க்கு வேண்டா

இந்நிகழ்ச்சியின் உயிர்நிலை இங்கேதான் உள்ளது. நெடுங்காலம் வாயிலில் நின்று ஒன்றைப் பெற்றவன், பின்பு தானே வாயிற்காப்போன் ஆகும்போது இரண்டில் ஒன்றைச் செய்வான். "நான் பட்ட பாட்டை இவனும் படட்டும்" என்று கதவை முன்னிலும் இறுகச் சாத்துவது ஒன்று. "நான் பட்டதே போதும்" என்று கதவைத் திறந்து வைப்பது மற்றொன்று. உலகில் முதல் வகையினரே மிகுதி. மாமியாரிடம் துன்புற்ற மருமகள் தானும் கடுமையான மாமியாராவதும், மேலதிகாரியிடம் சிறுமைப்பட்டவன் கீழ்ப்பணியாளரைச் சிறுமைப்படுத்துவதும் அன்றாடம் காண்பவை. பட்ட துன்பம் அவர்களுக்கு உரிமைப் பத்திரமாகி விடுகிறது.

எம்பெருமானாரிடம் அத்துன்பம் கருணையாகக் கனிந்தது. முன்னோர் ஒருவர் ஒருவருக்காக அளந்து கொடுத்து வந்ததை, ஆசையுடையோர்க்கெல்லாம் அவர் திறந்து விட்டார் என்பதை மணவாள மாமுனிகள் உபதேச ரத்தினமாலையில் போற்றுகின்றார். தம்மை விலக்கிய யாதவப்பிரகாசரே முதுமையில் மனம் திரும்பி வந்தபோது, அவரைச் சிஷ்யராக ஏற்று, கோவிந்த ஜீயர் என்னும் திருநாமம் அளித்து, யதிதர்மங்களைத் தொகுத்து நூல் இயற்றும் பணியையும் தந்தார். தம்மை வெளியேற்றியவருக்கே உள்ளிடம் தந்தவர் அவர்.

முதலியாண்டான் கற்ற பாடம்

ஆசையே தகுதி என்று திறந்து கொடுத்தவர், தம் சிஷ்யர்களை ஏன் காக்க வைத்தார் என்னும் ஐயம் எழலாம். சரம ச்லோகத்தின் பொருளைத் திருக்கோட்டியூர் நம்பி பின்னர் உபதேசித்தபோது, மீண்டும் கடுமையான நியமம் விதித்திருந்தார். அதனால் கூரத்தாழ்வான் வேண்டியபோது, ஒரு மாத காலம் உபவாஸமாக இருந்து பெறுமாறு ஆயிற்று. அடுத்து முதலியாண்டான் வேண்டினார். அவர் எம்பெருமானாருக்குச் சகோதரி மகன், சாஸ்திரங்களில் வல்லவர். அவரிடம், "நம்பியிடமே சென்று கேளும்" என்று அனுப்பினார்.

ஆண்டான் திருக்கோட்டியூர் சென்று ஆறு மாதம் நம்பியின் திருமாளிகையில் காத்திருந்தார். நம்பி முகம் கொடுத்துப் பேசவில்லை. பின்பு ஒரு நாள், கல்விச் செருக்கு, செல்வச் செருக்கு, குலச் செருக்கு ஆகிய மூன்றும் ஒழிந்தால் உம் ஆசார்யரே உபதேசிப்பார் என்று சொல்லி அனுப்பினார். ஆறு மாதக் காத்திருப்பின் பயன் இவ்வளவே. ஆண்டான் திருவரங்கம் திரும்பினார்.

அச்சமயம் பெரிய நம்பியின் திருமகளார் அத்துழாய் புக்ககத்தில் இடருற்றிருந்தார். பொழுது விடியுமுன்னும் இருட்டிய பின்னும் தனியே நீர் கொண்டுவர அஞ்சுவதாக மாமியாரிடம் சொல்ல, துணை வேண்டுமாயின் பிறந்தகத்திலிருந்து ஆள் கொண்டு வா என்று அந்த அம்மாள் இகழ்ந்தார். செய்தி தந்தைக்கும், அவர் வழியே எம்பெருமானாருக்கும் எட்டியது. எம்பெருமானார் ஆண்டானை அழைத்து, அத்துழாயுடன் சென்று பணி செய்யுமாறு நியமித்தார். வேதாந்தம் பேசிய ஆண்டான் ஒரு சொல்லும் எதிர்மொழியாமல், அந்த இல்லத்தில் நீர் சுமந்தார், சமையலும் செய்தார்.

சில மாதங்கள் கழிந்தன. அவ்வில்லத்திற்கு வந்த வைஷ்ணவர் ஒருவர் ச்லோகம் ஒன்றுக்குப் பிழைபடப் பொருள் சொன்னார். பரிசாரகராக இருந்த ஆண்டான் பணிவோடு நேரிய பொருளை எடுத்துரைத்தார். வீட்டார் திகைத்தனர். யார் என்று அறிந்தபின் நடுங்கி, இனி இப்பணி வேண்டா என்று காலில் விழுந்தனர். ஆசார்ய நியமனம் இன்றி அகலேன் என்றார் ஆண்டான். அவர்கள் எம்பெருமானாரிடம் ஓடி விண்ணப்பிக்க, அவர் உகந்து ஆண்டானை அழைத்து, வேண்டிய பொருளைத் தாமே உபதேசித்தருளினார்.

இதனால் ஐயம் தீரும். ஆசை அற்றவனுக்குக் கதவைத் திறந்து வைப்பினும் அவன் நுழையான். செருக்கு உடையவன் நுழைந்தாலும் கதவின் உயரத்தில் தலை இடிபடும். திருக்கோயிலில் கூடியவர்கள் தாகத்தோடு வந்தவர்கள். அவர்களுக்கு வேண்டியது நீர் மட்டுமே. ஆண்டானுக்கு நேர்ந்தது தண்டனையன்று. குனியக் கற்பிக்கும் பயிற்சி. ஒருவர்க்கு உடனே தருவதும் மற்றொருவரைக் காக்க வைப்பதும் ஒரே கருணையின் இரண்டு கைகள்.

நிறுத்திக்கொள்ளவும் அறிந்தவர்

விடாமுயற்சி என்பதைப் பிடிவாதம் என்று மயங்குவோரும் உளர். அவர்கள் மற்றொரு நிகழ்ச்சியை அறிதல் வேண்டும். எம்பெருமானார் திவ்ய தேச யாத்திரையில் புருஷோத்தமமாகிய பூரி ஜகந்நாதத்திற்கு எழுந்தருளி, அங்கு ஆராதனத்தைப் பாஞ்சராத்ர முறைப்படி அமைக்க முயன்றார். தலைமுறையாகத் தொண்டு புரிந்து வந்தவர்கள் அதனை ஏற்கவில்லை. அவர்களுடைய அன்பில் ஈடுபட்டிருந்த ஜகந்நாதனும் மாற்றத்தை விரும்பாமல், எம்பெருமானாரை ஓரிரவில் ஸ்ரீகூர்மத்தில் கொண்டு சேர்த்தான் என்று பெரியோர் கூறுவர். அவர் மீண்டும் பூரி சென்று போராடவில்லை. எம்பெருமானின் திருவுள்ளம் அதுவாயின் அதுவே தகுதி என்று அமைந்தார்.

திருக்கோட்டியூரில் பதினெட்டு முறை நடந்தவர் பூரியில் ஒருமுறையோடு நின்றது ஏன்? திருக்கோட்டியூரில் அவர் கேட்டது தாம் பெறுவதற்கு. பூரியில் முயன்றது பிறரை மாற்றுவதற்கு. பெறுவதற்கு வந்தவன் எத்தனை முறை வேண்டுமாயினும் வாயிலில் நிற்கலாம். அதனால் தேய்வது அவன் செருக்கு மட்டுமே. பிறரை மாற்றப் புகுந்தவனோ, அவர்களுடைய அன்பு தெரியுமிடத்தில் நிற்க அறிதல் வேண்டும். இந்த வேறுபாட்டை உணராத முயற்சி, பக்தியின் பெயரால் நடப்பினும் பகையிலேயே முடியும்.

மனத்தில் கொள்ளத் தக்கவை

தேர்வில் தவறிய பிள்ளையை அழைத்துக்கொண்டு ஸந்நிதிக்கு வரும் பெற்றோர் உண்டு. பல இடங்களுக்கு விண்ணப்பம் அனுப்பி விடை காணாத இளைஞர் உண்டு. பெண்ணுக்கு வரன் தேடி, வந்தவர்கள் எல்லாம் வேண்டாம் என்று சொல்லிப் போக, சுவாமியின் திருமுன் கண் கலங்கி நிற்கும் தந்தையும் உண்டு. அவர்கள் கையில் அர்ச்சனைத் தட்டு இருக்கிறது, நெஞ்சில் "இனி என்ன?" என்னும் வினா இருக்கிறது. அவ்வினாவுக்கு உடையவரின் நடை மூன்று விடைகளைத் தருகிறது.

மறுக்கப்பட்ட மறுநாள், கையிலுள்ள கடமைக்குத் திரும்புக. அதுவே அடுத்த நடைக்கு வலிவு தரும். மறுப்பு, "பிறகு வா" என்கிறதா, "நீ மாறி வா" என்கிறதா, "இங்கன்று" என்கிறதா என்று ஆராய்க. திருக்கோட்டியூரும் ஆண்டானின் ஆறு மாதமும் பூரியும் இம்மூன்றுக்கும் சான்று. பேறு கிடைத்த நாளில், தனக்குப் பின்னே வாயிலில் நிற்பவனை மறவாதிருக்க. தன் காலம் கழிந்த பிறகு பிறர்க்கு எளிதாகாத முயற்சி, பாதி முயற்சியே.

சரணாகதி செய்தவனுக்கு முயற்சி எதற்கு என்று சிலர் கேட்பர். "ரக்ஷிப்பான்" என்னும் மஹாவிச்வாஸம் சரணாகதியின் முதன்மையான அங்கம். ஒருமுறை மறுக்கப்பட்டவுடன் தளர்ந்து போவது, அந்த விச்வாஸம் வேர் ஊன்றவில்லை என்பதையே காட்டும். பதினேழாம் முறையும் திரும்பி, காவேரியைக் கடந்து, அரங்கனைச் சேவித்து, மறுநாள் கோயில் காரியத்தைத் தொடங்கிய அந்த யதிராஜரின் நெஞ்சில் இருந்தது அதுவே. அந்த நடையில் நமக்கும் ஓரடி வாய்க்கப் பேரருளாளன் அருள் புரிவானாக.

எம்பெருமானார் திருவடிகளே சரணம்.